அன்றாடக் குடும்ப வாழ்வில் வேதபாடம் காண்பது எப்படி

உபாகமம் 6:7 பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்த வசனம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்கிறது. அதற்கு முந்திய 6-ம் வசனத்தைத்தான் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். இந்த வார்த்தைகள் முதலில் "உன் இருதயத்தில்" இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. பல வீடுகளில் குடும்ப ஜெபம் பிள்ளைகளுக்குச் சலிப்பாகப் போவதற்குக் காரணம் இந்த வரிசை மாறிப்போவதுதான். பெரியவருக்குள் இறங்காத வசனம் பிள்ளையின் காதில் கண்டிப்பாக மட்டுமே விழும்.

ஆகவே வீட்டில் நடப்பவற்றில் பாடம் தேட விரும்புகிறவர் பிள்ளைகளுக்கான பாடத்தைத் தேடிப் புறப்பட வேண்டாம். தனக்கான பாடத்தைத் தேடினால் போதும். பிள்ளைகள் அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். இதற்கு இரண்டு பழக்கங்கள் வேண்டும்: வேதத்தைக் கொஞ்சமாகவும் ஒழுங்காகவும் வாசிப்பது, வீட்டில் நடப்பதைத் தீர்ப்பு சொல்லாமல் கவனிப்பது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது.

எவ்வளவு வாசிப்பது, எங்கிருந்து தொடங்குவது

66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். தனியாக வாசிக்கும் பெரியவருக்கு அது நல்ல திட்டம். குடும்பமாக வாசிப்பதற்கு அது பொருந்தாது. ஆதியாகமத்திலிருந்து அந்த வேகத்தில் போனால் முதல் மாதம் முடிவதற்குள் லேவியராகமத்துக்கு வந்துவிடுவீர்கள். பலி முறைகளைப் பற்றி அதிகாரம் அதிகாரமாக வாசிக்கையில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், பெரியவர்களுக்கும் வாய் மட்டும் ஓடும். நின்றுபோகும் பெரும்பாலான திட்டங்கள் அங்கேதான் நிற்கின்றன.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், நான்கு சுவிசேஷங்களிலும் அதுவே சிறியது. பேச்சைவிடச் சம்பவங்கள் அதிகம். நாளுக்கு ஒரு காட்சி, அதாவது 10 முதல் 15 வசனம். வாரத்தில் ஐந்து நாள் வாசித்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடியும். ஏழு நாளும் என்று வைக்காதீர்கள். ஒரு நாள் விருந்தினர் வருவார்கள், ஒரு நாள் யாருக்காவது காய்ச்சல் வரும். விட்டுப்போன நாட்களின் கணக்கு ஏறினால் குற்றவுணர்ச்சியிலேயே முழுவதையும் விட்டுவிடுவோம். இரண்டு நாள் இடைவெளி இருந்தால் அந்தக் கணக்கே எழாது.

மாற்குவுக்குப் பிறகு ரூத் (4 அதிகாரம்), யோசேப்பின் சரித்திரம் (ஆதியாகமம் 37 முதல் 50 வரை), யாக்கோபு நிருபம் (5 அதிகாரம்) என்று போகலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒரு அதிகாரம் என்று வாசிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. குடும்பமாக வாசிக்கும்போது அந்த அதிகாரத்திலிருந்து இரண்டு வசனம் போதும்.

மொத்த நேரம் 12 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வாசிக்க மூன்று நிமிடம், பேசாமல் இருக்க ஒரு நிமிடம், பேச ஐந்து நிமிடம், ஜெபத்துக்கு மூன்று நிமிடம். அந்த ஒரு நிமிட மௌனத்தைக் குறைக்காதீர்கள். முதல் வாரம் சங்கடமாக இருக்கும், சின்னப் பிள்ளை சிரிக்கும். மூன்றாம் வாரத்தில் அந்த நிமிடத்திலிருந்துதான் நல்ல கேள்விகள் வரத் தொடங்கும்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசிக்கிற வீடுகளில் ஒரு தடை உண்டு. சிட்சை, மனரம்மியம், இச்சையடக்கம், இடறல் போன்ற சொற்களைப் பெரியவர்கள் கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அவை வெறும் ஒலிகள். நாளுக்கு ஒரு சொல்லை மட்டும் எடுத்து, "இதை நீ உன் வார்த்தையில் எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எபேசியர் 6:4-ல் 'சிட்சை' என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் பைதேயா. பிள்ளையை வளர்த்துப் பயிற்றுவிக்கும் முழு வேலையையும் குறிக்கிற சொல் அது. அடிப்பதை மட்டும் அது சொல்லவில்லை. இந்த ஒரு சொல் விளங்கினாலே சில வீடுகளில் குரலின் அளவு குறையும்.

முன்னும் பின்னும் பாருங்கள்

அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பிலிருந்து வந்தவை. எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. ஆகவே எந்த வசனத்தையும் எடுப்பதற்கு முன் அதற்கு முந்திய பத்து வசனத்தையும் பிந்திய பத்து வசனத்தையும் வாசிக்கும் பழக்கம் வேண்டும்.

ஏழை விதவை இரண்டு காசு போட்ட சம்பவம் மாற்கு 12:41-44. அதை மட்டும் வாசித்தால் "தாராளமாகக் கொடு" என்பதோடு நின்றுவிடுவோம். அதற்கு முந்திய 40-ம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனத்தில், அந்த ஆலயத்துக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று இராதபடி இடிக்கப்படும் என்கிறார். இப்போது அந்தக் காட்சி கனமாகிறது. அவளுடைய பக்தி உண்மை. அவளிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்களின் மேல் ஆண்டவருடைய கண் இருந்தது என்பதும் உண்மை. வீட்டில் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை, நாம் பாராட்டிக்கொண்டே சுரண்டுகிறோமா என்ற கேள்வி அங்கிருந்து வரும்.

எபேசியர் 6-ம் இப்படித்தான். "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்" என்ற முதல் வசனம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மூன்று வசனம் தள்ளி, "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" வளர்க்கும்படி தகப்பன்மாருக்குச் சொன்னது யாருக்கும் மனப்பாடம் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் வாசியுங்கள், இரண்டாவதைத் தகப்பனே சத்தமாக வாசிக்கட்டும்.

நான்கு கேள்விகள், இதே வரிசையில்

வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்பதுதான் பொதுவான வழக்கம். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்டால் பிள்ளைகள் தயாராக வைத்திருக்கும் பதிலைச் சொல்வார்கள்: "நல்லா ஜெபம் பண்ணணும்", "கீழ்ப்படியணும்". எந்தப் பகுதியை வாசித்தாலும் அதே இரண்டு பதில் வந்தால், யாரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

முதல் கேள்வி, என்ன நடந்தது? எழுதியிருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது, யார் யாரிடம், எந்தச் சமயத்தில் பேசுகிறார்கள்? மூன்றாவது, இதில் ஆண்டவர் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? நான்காவதாகத்தான், நம் வீட்டில் இது எங்கே வந்து தொடுகிறது?

மாற்கு 4:35-41-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் கேள்விக்குச் சின்னப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். அவர் தலையணையின் மேல் தூங்கினார் என்பதையும் (38-ம் வசனம்), வேறே படவுகளும் கூட இருந்தன என்பதையும் (36) கவனிப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு, அன்று முழுவதும் அவர் கடலோரத்தில் ஜனங்களுக்கு உவமைகளால் போதித்திருந்தார் என்று முந்திய வசனங்கள் காட்டும். அந்தச் சாயங்காலத்தில் களைத்துப்போன மனிதராக அவர் படகில் இருக்கிறார். மூன்றாவது கேள்விக்கான விடையைச் சீஷர்களே கேள்வியாகக் கேட்டுவிடுகிறார்கள்: காற்றும் கடலும் கீழ்ப்படிகிறதே, இவர் யாரோ? இத்தனைக்குப் பிறகு நான்காவதுக்கு வந்தால், "விசுவாசித்தால் உன் புயல் அடங்கும்" என்ற அவசரப் பாடத்துக்கு இடமிருக்காது. சீஷர்கள் அவரிடம், நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா என்று நேராகவே கேட்டார்கள். அந்தக் கேள்விக்காக அவர் யாரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. பயந்துபோன பிள்ளைக்கு அன்று இரவு சொல்ல அது போதும்.

குறிப்பேடு

ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கிழித்துப் பிரியுங்கள். இடது பக்கத்தில் அன்று வீட்டில் நடந்த ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். இடது பக்கத்தில் பெயரடைகளும் தீர்ப்பும் வேண்டாம். "மூத்தவன் பொறாமைப்பட்டான்" என்று எழுதாமல், "தங்கையின் பரிசைக் காட்டியபோது மூத்தவன் எழுந்து அறைக்குப் போனான்" என்று எழுதுங்கள். பொறாமை என்பது நம்முடைய ஊகம். அவன் வேறு எதற்காகவாவது போயிருக்கலாம். ஊகத்தை எழுதிவிட்டால் அந்த ஊகத்துக்கான வசனத்தைத்தான் தேடுவோம், நடந்ததற்கான வசனம் கண்ணில் படாது.

குறிப்பேடு பெரியவருடையது. பிள்ளைகளின் குற்றப் பதிவேடாக அது மாறக் கூடாது. நான்கு வரியில் ஒன்றாவது எழுதுகிறவரின் சொந்தச் செயலாக இருக்கட்டும்: "மூன்று முறை கூப்பிட்டாள், போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' என்றேன்."

எதை எழுதுவது என்று திகைப்பவர்கள் இயேசு எங்கிருந்து எடுத்தார் என்று பார்க்கலாம். விளக்கும் விளக்குத்தண்டும், காணாமற்போன காசுக்காக வீட்டைப் பெருக்கிய பெண், பழைய வஸ்திரத்தில் புதுத்துணி ஒட்டு, மாவில் அடக்கிய புளித்தமா, பிள்ளைகள் படுத்தபிறகு நடுராத்திரியில் கதவைத் தட்டும் நண்பன், விளையாட்டில் சேராமல் முரண்டுபிடிக்கும் சந்தைவெளிச் சிறுவர்கள். பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடந்தவை. ஒன்றும் அபூர்வமானதல்ல. மத்தேயு 13:33-ல் அந்தப் பெண் எடுத்த மூன்றுபடி மா, மூல மொழியின் அளவுப்படி ஏறக்குறைய 36 லிட்டர். ஒரு குடும்பத்துக்கான அளவே அல்ல அது, ஒரு கூட்டத்துக்கே போதும். சின்னக் காரியத்துக்குள் பெரிய ராஜ்யத்தைக் காட்டுவது அவருடைய வழக்கம். நாம் பழக வேண்டியதும் அந்தப் பார்வைதான்.

வலது பக்கத்தை அன்றே நிரப்ப முயல வேண்டாம். வாசிப்பு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால், ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து வாசிக்கும் பகுதி பழைய வரி ஒன்றை ஞாபகப்படுத்தும். அப்போது வசன எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். வசனம் ஞாபகம் வந்தும் எங்கே என்று தெரியாவிட்டால் வேதாகமச் சொல்லடைவிலோ (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல்) கைப்பேசிச் செயலியிலோ ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் முன்னும் பின்னும் வாசிக்கும் விதி இங்கேயும் உண்டு.

ஒரு சண்டை, ஒரு அதிகாரம்

பிள்ளைகளுக்குள் சண்டை. ஒருவனுடைய பொருளை மற்றவன் உடைத்துவிட்டான். "மன்னிச்சிட்டேன்னு சொல்லு, கை கொடு" என்று சேர்த்துவைத்துவிட்டுப் போவது எளிது. வேதம் காட்டும் வழி அதைவிட நீளமானது. மத்தேயு 18-ஐ முழுவதும் வாசித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

15-ம் வசனத்தின்படி, குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டு நீதிமன்றத்தை உடனே கூட்டாதீர்கள். "நீ என்ன இழந்தாய் என்று அவனிடம் நீயே சொல்" என்று அனுப்புங்கள். லூக்கா 17:3-ம் இதே வரிசையைத்தான் தருகிறது: கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி. உடைத்தவன் "ஸாரி" என்ற ஒரு சொல்லோடு தப்பிக்காமல், என்ன செய்தான் என்பதை வாயால் சொல்லவும், முடிந்தால் ஒட்டியோ ஈடுகொடுத்தோ சரிசெய்யவும் வேண்டும்.

இரண்டு பேரும் தணிந்தபிறகு, அன்றோ மறுநாளோ, 21 முதல் 35 வரை வாசித்து ஒரு காகிதத்தில் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 வெள்ளிப்பணம். உவமையில் ராஜா மன்னித்துவிட்ட முதல் ஊழியக்காரனின் கடன் பதினாயிரம் தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் வருடம். "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் சொன்னது எவ்வளவு நடக்காத பேச்சு என்று பிள்ளைகளுக்குக் கணக்கிலேயே தெரியும்.

பலர் இங்கேயே நிறுத்தி, "பார்த்தாயா, உன் நஷ்டம் ஒன்றுமே இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறு. அந்த ஊழியக்காரனுக்கு உடன்வேலைக்காரன் கொடுக்க வேண்டியிருந்த இரண்டாவது கடனையும் கணக்குப் போடச் சொல்லுங்கள்: நூறு வெள்ளிப்பணம், நூறு நாள் உழைப்பு. மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பம் சாப்பிடக்கூடிய பணம். இயேசு அந்தக் கடனை அற்பமாகக் காட்டவில்லை. உன் நஷ்டம் நிஜம், அதைவிடப் பல லட்சம் மடங்கு உனக்கு மன்னிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்த உவமை. உடைந்த பொருளுக்காக அழுகிற பிள்ளையிடம் முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால், மன்னிப்பு என்பது வாயை மூடிக்கொள்வது என்றுதான் அவன் கற்றுக்கொள்வான்.

இதே அதிகாரத்தின் 6-ம் வசனத்தை மறக்கவே கூடாது. சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனை, அதாவது தடுக்கி விழப்பண்ணுகிறவனை, கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று சொன்னதும் இயேசுதான். ஒரு பிள்ளையை யாராவது அடித்து வதைத்தாலோ தகாத விதத்தில் தொட்டாலோ, அது உறவினராக இருந்தாலும் சபையில் மதிப்புள்ளவராக இருந்தாலும், மன்னிப்பு வசனத்தைச் சொல்லி அந்தப் பிள்ளையை அடக்காதீர்கள். நம்புங்கள், பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள், அதிகாரிகளிடம் சொல்லுங்கள். அங்கே பெரியவர்கள் கீழ்ப்படிய வேண்டிய வசனம் 6-ம் வசனம்.

பிழை நேரும் இடங்கள்

வசனத்தைச் சவுக்காக்குவது முதல் பிழை. கெட்ட குமாரனின் உவமையைச் சொல்லி, "வீட்டை விட்டுப் போனால் பன்றிகளோடுதான் இருப்பாய்" என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. லூக்கா 15:1-2-ஐ வாசித்தால் அந்த உவமை யாருக்குச் சொல்லப்பட்டது என்று தெரியும். பாவிகளோடு இயேசு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்தவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. நூறு ஆடு, பத்து வெள்ளிக்காசு, இரண்டு குமாரர் என்று மூன்று உவமைகளும் அவர்களை நோக்கியே வருகின்றன. கடைசியில் மூத்த மகன் வாசலில் நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. எல்லாக் கடமையும் செய்துவிட்டு மனக்கசப்போடு நிற்கும் பெரியவருக்கே இந்த உவமை மிக நெருக்கமானது. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்று தகப்பன் சொல்வது அவரிடம்தான்.

வாக்குத்தத்த வசனத்தைத் தனியே பிய்த்து எடுப்பது இன்னொன்று. எரேமியா 29:11-ன் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" பாபிலோனுக்குச் சிறையாய்ப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அதற்கு முந்திய வசனம் எழுபது வருடம் ஆகும் என்கிறது. 7-ம் வசனம், நீங்கள் சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு வெற்றி மந்திரம் போல அதைக் கொடுக்கிறோம். சிறையில் கட்டப்பட்டிருந்த பவுல், "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று சொன்ன கையோடு அதை எழுதினார். மனரம்மியம் என்றால் இருப்பதில் நிறைவாக இருப்பது. பரீட்சையில் மதிப்பெண் குறைந்த நாளில்தான் அந்த வசனம் அதிகமாகப் பொருந்தும். அன்று அதை எடுத்து வாசியுங்கள்.

நீதிமொழிகளை உத்தரவாதமாக வாசிப்பதும் பல பெற்றோரை நொறுக்கியிருக்கிறது. பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்து, முதிர்வயதிலும் விடாதிருப்பான் என்கிறது 22:6. பழமொழி பொதுவாக நடப்பதைச் சொல்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அல்ல. 26:4-ஐயும் 26:5-ஐயும் அடுத்தடுத்து வாசித்தால் விளங்கும். மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று ஒன்று, கொடு என்று அடுத்தது. எந்தச் சமயத்துக்கு எது என்று பார்ப்பதுதான் ஞானம். வழிவிலகிப்போன மகனுடைய தாயிடம் 22:6-ஐச் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள்.

பழைய ஏற்பாட்டுக் குடும்பங்களை முன்மாதிரி என்று நினைத்து வாசிப்பதும் குழப்பம் தரும். ஈசாக்குக்கு ஏசாவின்மேல் பிரியம், ரெபெக்காளுக்கு யாக்கோபின்மேல் (ஆதியாகமம் 25:28). அந்த யாக்கோபே தகப்பனானதும் யோசேப்பை மற்றவர்களைவிட அதிகமாக நேசித்து அங்கி செய்து கொடுத்தான் (37:3). தாவீது தன் மகன் அதோனியாவை, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை என்கிறது 1 இராஜாக்கள் 1:6. வேதம் இவற்றை எழுதிவைத்தது பின்பற்றுவதற்காக அல்ல. நம்முடைய வீட்டில் எந்தப் பழக்கம் தாத்தாவிடமிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க இவற்றைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

நோய், மரணம், வேலை இழப்பு ஆகியவற்றில் உடனே பாடம் தேடுவது எல்லாவற்றிலும் கொடுமையானது. இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொன்ன பதில் யோவான் 9:3-ல் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றும் அவரே சொன்னார் (லூக்கா 13:4-5). யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை சரியாகத்தான் செய்தார்கள், பேசத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. துக்க வீட்டில் சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டு விளக்கம் சொல்லாமல் உட்காருங்கள். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வாசிக்கலாம்.

ஆவியின் கனியை வைத்துச் செய்யும் தவறும் உண்டு. கலாத்தியர் 5:22-23-ல் ஒன்பது குணங்கள், வாரத்துக்கு ஒன்றாக ஒன்பது வாரம் தியானிக்க நல்ல பகுதி. ஆனால் சுவரில் அட்டவணை ஒட்டி நட்சத்திரம் கொடுக்காதீர்கள். கனி மரத்தில் தானாக வளர்வது. பிள்ளைகள் நட்சத்திரத்துக்காகச் சாந்தமாக நடிக்கக் கற்றுக்கொள்வார்கள், அதைவிட நஷ்டம் வேறில்லை.

வயதுக்கு ஏற்ப

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஐந்து வசனம், ஒரு படம் வரைய ஒரு காகிதம். ஆறு முதல் பத்து வரை, பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு வாசிக்கலாம். எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளையை நடுவில் திருத்தாதீர்கள், முடித்தபின் சொல்லலாம். பதின்ம வயதில் கேள்விகள் கூர்மையாக வரும்: "கடவுள் இதை ஏன் அனுமதித்தார்?" பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் எடுத்துத் தேடிச் சொல்லுங்கள். சொன்னபடி அடுத்த வாரம் அந்தப் பேச்சை எடுப்பதுதான் முக்கியம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்ற மத்தேயு 5:37-ஐ அவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

ஆதியாகமம் 38, நியாயாதிபதிகள் 19 போன்ற, பாலியலோ வன்முறையோ வரும் பகுதிகளைப் பெரியவர் முன்கூட்டியே வாசித்து, சின்னவர்கள் இருக்கும்போது தவிர்க்கலாம்.

வாழ்க்கைத் துணை விசுவாசத்தில் இல்லாத வீட்டில், ஒருவரே இதைச் செய்ய வேண்டிவரும். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் (அப்போஸ்தலர் 16:1). தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். துணையைக் குத்துவதற்காக வசனம் தேர்ந்தெடுக்காமல் இருந்தால், பத்து நிமிடம் பிள்ளைகளோடு உட்கார அவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

பெரியவர் மன்னிப்புக் கேட்கும்போது

குடும்பத்தில் பிள்ளைகள் சுவிசேஷத்தை மிகத் தெளிவாகப் பார்க்கும் நேரம் இதுதான். ஆகவே இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது நல்லது. அன்றைக்குள் கேளுங்கள், சூரியன் அஸ்தமிப்பதற்குள் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. எல்லார் முன்னாலும் கத்தியிருந்தால் எல்லார் முன்னாலும் கேளுங்கள். பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து, செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "காலையில் உன்னை முட்டாள்னு சொன்னேன். அது தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிப்பாயா?" அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் அது மன்னிப்பு அல்ல, இரண்டாவது குற்றச்சாட்டு. பிள்ளையின் தவறைப் பற்றிப் பேச வேண்டுமானால் வேறொரு நேரத்தில் பேசலாம். உடனே "மன்னிச்சிட்டேன்" என்று பிள்ளை சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் மத்தேயு 7:3-5 வாசிக்கலாம். கண்ணிலிருக்கும் உத்திரத்தைப் பற்றிப் பேச அன்று உங்களுக்கு உரிமை இருக்கும்.

வாரம் ஒருமுறை

ஏழு நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் ஒதுக்கி, குறிப்பேட்டைத் தனியாக எடுத்துப் படியுங்கள். வலது பக்கம் நிரம்பிய வரிகளில் ஒன்றை மட்டும், அதுவும் உங்களைப் பற்றியதை, அந்த வாரக் குடும்ப ஜெபத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகளைப் பற்றிய வரிகளை அவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். உறவினரிடம் சாட்சியாகச் சொல்லவும் வேண்டாம். அவர்களுடைய தவறு அவர்களுடையது, நமக்குக் கதைப்பொருள் அல்ல.

சில வரிகளுக்கு எதிரே மாதங்கள் கழித்தும் வசனம் வராது. எதையாவது எழுதி நிரப்பிவிடலாம் என்று தோன்றும். நிரப்பாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். அந்த வரிக்கு ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். ஜெபத்துக்கு ஒதுக்கிய அந்த மூன்று நிமிடத்தில் புள்ளி வைத்த வரிகளை ஒவ்வொன்றாக, விளக்கம் சேர்க்காமல், எழுதியிருக்கிறபடியே ஆண்டவரிடம் வாசியுங்கள்.